பேச்சைத் தொடங்கியது யார்? வீட்டு வைஃபையில் ஃபயர்வால் செய்வதும் செய்யாததும்

வைஃபை உள்ள எந்த வீட்டிலும் ஃபயர்வால் இருக்கிறது. பெரும்பாலும் ஒன்றுக்கு மேலேயே இருக்கும். ரவுட்டருக்குள் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸோடு சேர்ந்து வந்தது இன்னொன்று. அது எதைத் தடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஹேக்கர் உள்ளே வராமல் தடுக்கும்" என்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் அது எந்த வாசலில் நிற்கிறது, யாரை விடும், யாரை விடாது என்பது தெரியாவிட்டால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த ஆபத்துக்கு எது உதவும் என்று பிரித்துப் பார்க்காததால்தான் பலர் தேவையில்லாததற்குச் சந்தா கட்டுகிறார்கள், தேவையானதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. கட்டடத்தின் ஒரு பகுதியில் பிடித்த தீ அடுத்த பகுதிக்குத் தாவாமல் இருக்க எழுப்பும் கனத்த சுவருக்குத்தான் முதலில் இந்தப் பெயர். தமிழில் தீச்சுவர் என்றும் தீயரண் என்றும் எழுதுகிறார்கள், பேச்சில் ஃபயர்வால்தான். சுவர் என்றால் யாரையும் விடாது. கணினி ஃபயர்வாலோ நாள் முழுக்க லட்சக்கணக்கான தரவுப் பொட்டலங்களை, அதாவது சிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்பும் தகவலை, உள்ளே விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதை வாசல் காவலாளி என்று நினைத்துக்கொண்டால் பொருந்தும். பெரிய புத்திசாலி என்று சொல்ல முடியாத காவலாளி. வருகிற ஒவ்வொன்றையும் பார்த்து அவர் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தப் பேச்சை முதலில் தொடங்கியது உள்ளே இருப்பவரா, வெளியே இருப்பவரா?

கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். போனில் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். வீட்டு நெட்வொர்க்கில் உங்கள் போனின் முகவரி 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். அது தன் 51514-ஆம் போர்ட்டிலிருந்து (போர்ட் என்பது ஒரே முகவரிக்குள் இருக்கும் எண்ணிட்ட கதவு மாதிரி), அந்தத் தளத்துடைய சர்வரின் 443-ஆம் போர்ட்டுக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. வழியில் ரவுட்டர் அதை நிறுத்தி, தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: உள்ளே இருந்து இன்னார், இந்தப் போர்ட் வழியாக, வெளியே இன்னாரைத் தேடிப் போனார். பிறகு அனுப்புநர் முகவரியை எடுத்துவிட்டுத் தன் பொது முகவரியை ஒட்டி அனுப்பிவைக்கிறது. பதில் வரும்போது அட்டவணையைப் பார்க்கிறது. வரி இருக்கிறது, பதில் போனுக்குப் போய்ச் சேருகிறது. அடுத்த நொடியே உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு பொட்டலம் வந்து 23-ஆம் போர்ட்டைத் தட்டுகிறது. அப்படி ஒரு வரியே அட்டவணையில் இல்லை. ரவுட்டர் பதில்கூடச் சொல்லாமல் அதைக் கீழே போட்டுவிடுகிறது. இந்தத் தட்டல் எப்போதோ ஒருமுறை நடப்பதென்று நினைக்க வேண்டாம். பொது முகவரி உள்ள ரவுட்டரை இரவும் பகலும் யாராவது தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உங்களைக் குறிவைத்து அல்ல. மொத்த இன்டர்நெட்டையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிற புரோகிராம்கள் அவை.

இதில் முகவரியை மாற்றி ஒட்டும் வேலைக்கு நாட் (NAT) என்று பெயர். அது பாதுகாப்புக்காக வந்ததே இல்லை. இன்டர்நெட்டில் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் ஐபியின் பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. அவை தீர்ந்துவிடுமே என்ற கவலையில் 1994-இல் முன்வைக்கப்பட்ட ஒட்டுவேலை அது. 192.168 என்று தொடங்கும் முகவரிகளை அவரவர் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்ற இன்றைய விதி 1996-இல் எழுதப்பட்டது. அழைக்காமல் வருகிற பொட்டலத்தை உள்ளே யாரிடம் அனுப்புவது என்று நாட்டுக்குத் தெரியாது. தெரியாததால் போட்டுவிடுகிறது. பஞ்சத்துக்குச் செய்த ஏற்பாடு இப்படிப் பாதி ஃபயர்வாலாகவும் ஆகிவிட்டது. புதிய ஐபிவி6 முறையில் பஞ்சமும் இல்லை, பொதுவாக நாட்டும் இல்லை. சுவரில் மாட்டிய கேமராவுக்குக்கூட உலகம் முழுவதும் செல்லுபடியாகும் முகவரி கிடைக்கும். அங்கே காவல் முழுக்க ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் கையில். பல ரவுட்டர்களின் செட்டிங்ஸில் இதற்குத் தனி வரி இருக்கும். ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

காவலாளி இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதை 2003 ஆகஸ்ட் காட்டியது. அப்போது பல வீடுகளில் கம்ப்யூட்டரை நேராக மோடத்தில் செருகியிருந்தார்கள். பிளாஸ்டர் என்ற வார்ம் (கணினிக்குக் கணினி தானாகவே பரவும் தீய புரோகிராம்) விண்டோஸ் கணினிகளின் 135-ஆம் போர்ட்டைத் தட்டி உள்ளே நுழைந்தது. மெயிலைத் திறக்க வேண்டாம், எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். இன்டர்நெட்டில் இணைந்திருந்தாலே போதும். கணினி அணையப்போகிறது என்று ஒரு பெட்டி திரையில் தோன்றி 60 நொடியை எண்ணத் தொடங்கும். ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது, போட்டவர்கள்தான் குறைவு. அதைவிட வேடிக்கை, விண்டோஸ் எக்ஸ்பிக்குள் 2001-இலிருந்தே ஒரு ஃபயர்வால் இருந்தது, அணைத்த நிலையில். 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 தான் அதை முதல் முறையாகத் தானாகவே ஆன் செய்து வைத்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இருந்த சுவிட்சைப் போட்டார்கள். வெளியிலிருந்து சும்மா தட்டியே வீட்டுக் கணினிக்குள் நுழையும் வார்ம்களின் காலம் அதன் பிறகு மெல்ல மெல்ல முடிந்தது.

சரி, வெளியிலிருந்து தொடங்கும் பேச்சு நின்றது. அப்புறமும் வீடுகளுக்குள் தொல்லை வருகிறதே, எப்படி? காவலாளியின் கேள்வியிலேயே விடை இருக்கிறது. உள்ளே இருப்பவர் தொடங்கிய பேச்சு என்றால் அவர் குறுக்கே நிற்பதில்லை. அதற்கும் மேலே, உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து வைக்கச் சொன்னால் திறந்தும் வைப்பார். யூபிஎன்பி என்ற வசதி இதற்குத்தான். கேம் கன்சோலோ கேமராவோ ரவுட்டரிடம் "எனக்கு இந்தப் போர்ட்டைத் திறந்து வை" என்று கேட்கும். ரவுட்டர் பாஸ்வேர்டு கேட்காது, உங்களிடமும் சொல்லாது, திறந்துவிடும். கேட்டது கன்சோலா, கணினிக்குள் புகுந்த வைரஸா என்ற ஆராய்ச்சியே கிடையாது. வசதிக்காகச் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் யாருக்கும் அது தேவைப்படவில்லை என்றால் அணைத்து வைப்பதே என் கட்சி. அணைத்த பிறகு எதுவும் கெட்டுப்போனதாகத் தெரியாவிட்டால், தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

இனி வயர்லெஸ். ஃபயர்வால் காவல் காப்பது இன்டர்நெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள வாசலை. வைஃபை அலை அந்த வாசல் வழியாக வருவதில்லை. சுவரைத் தாண்டித் தெருவரைக்கும் போகிறது. வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் தெருவில் நின்றபடியே இணைந்தாலும், ரவுட்டரின் கண்ணுக்கு அவர் வீட்டு ஆள். அவருடைய லேப்டாப்பிலிருந்து உங்கள் லேப்டாப்புக்குப் போகிற பொட்டலம் ரவுட்டரின் ஃபயர்வாலைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. எனவே வயர்லெஸ் வீட்டில் முதல் காவல் ஃபயர்வால் இல்லை, வைஃபையின் குறியாக்கம்தான், அதாவது பாஸ்வேர்டு இல்லாதவர் படிக்க முடியாதபடி அலையில் போவதைப் பூட்டி அனுப்புவது.

அதன் வரலாறு ஒன்றும் பெருமையானது இல்லை. 1997-இல் வைஃபையின் முதல் தரத்தோடு வந்த வெப் (WEP) என்ற குறியாக்க முறையின் கணிதத்தில் ஓட்டை இருப்பது 2001-இலேயே தெரிந்துவிட்டது. 2007-இல் அதை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். இடைக்காலத் தீர்வாக 2003-இல் டபிள்யூபிஏ, அடுத்த ஆண்டு டபிள்யூபிஏ2. அதிலும் 2017-இல் மேத்தி வான்ஹூஃப் என்ற பெல்ஜிய ஆய்வாளர் ஒரு பலவீனத்தைக் காட்டினார். அது அப்டேட்டில் சரிசெய்யக்கூடியதாக இருந்தது. 2018-இல் டபிள்யூபிஏ3.

கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் இருப்பவர்களுக்கு முக்கியம். டபிள்யூபிஏ2-இல் உங்கள் போன் வைஃபையோடு இணையும் அந்தச் சில நொடிகளின் உரையாடலை ஒருவர் பதிவு செய்துகொண்டால் போதும். அவர் தன் இடத்துக்குப் போய், ஆற அமர உட்கார்ந்து, கணினி வேகத்தில் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. எட்டெழுத்தில் ஒரு பெயரும் பிறந்த ஆண்டும் வைத்திருந்தால் அது நிற்காது. நாலைந்து சம்பந்தமில்லாத சொற்களைக் கோத்து நீளமாக வைத்தால் நிற்கும். டபிள்யூபிஏ3 இந்த வழியையே மூடிவிடுகிறது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும். ரவுட்டரில் அந்த வசதி இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கருவிகள் இணைய மறுத்தால் இரண்டும் கலந்த நிலை ஒன்று இருக்கும்.

பட்டனை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ இணையும் டபிள்யூபிஎஸ் வசதியின் கதை இன்னும் சுவையானது. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு, யார் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள் என்று தோன்றும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் கவனித்தது இது: ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, முதல் பாதி தப்பென்றால் அங்கேயே சொல்லிவிடுகிறது. ஆக முதல் நாலு இலக்கத்துக்கு 10,000 வாய்ப்பு. அடுத்த பாதியில் கடைசி இலக்கம் முன்னால் உள்ளவற்றிலிருந்து கணக்கிட்டு எடுப்பது. மிச்சம் மூன்று இலக்கம், 1,000 வாய்ப்பு. பத்துக் கோடி பதினோராயிரமாகச் சுருங்கியது. சில மணி நேர வேலை. உங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் என்பது இங்கே கணக்கிலேயே வராது. டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள்.

நெட்வொர்க் பெயரை மறைப்பது, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் (MAC) முகவரியைப் பார்த்து அனுமதிப்பது, இந்த இரண்டையும் இன்னும் பலர் பரிந்துரைக்கிறார்கள். இரண்டையும் காற்றில் போகும் அலையைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். நேரம் வீண்.

வாசலில் ஒருவர், சுவருக்கு ஒரு பூட்டு. இவற்றைத் தாண்டி யாராவது, அல்லது ஏதாவது, உள்ளே வந்துவிட்டால்? அறைக் கதவுகள்தான் மிச்சம். அதாவது ஒவ்வொரு கணினியிலும் இருக்கும் ஃபயர்வால். ரவுட்டரில்தான் ஒன்று இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2017 மே 12-ஐ நினைவூட்டலாம். அன்று பரவிய வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வார்ம் ஒரு கணினிக்குள் புகுந்ததும், அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற கணினிகளின் 445-ஆம் போர்ட்டைத் தேடித் தட்டியது. ஃபைல்களைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் போர்ட் அது. இந்தத் தட்டலுக்கும் வெளிவாசலுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தந்தக் கணினியில் பேட்ச் இருந்ததா, அந்தந்தக் கணினியின் ஃபயர்வால் மூடியிருந்ததா என்பதே கேள்வி.

விண்டோஸ் புதிய வைஃபையில் இணைந்ததும் அது பொது நெட்வொர்க்கா, தனி நெட்வொர்க்கா என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளும். பொது என்றால் மற்ற கருவிகளின் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்கும்; தனி என்றால் வீட்டு ஆட்களிடம் பேசுவதைப் போல் பிரின்டர், ஃபைல் பகிர்வு எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும். இது தெரியாமல் நானே ஒருமுறை சொதப்பியிருக்கிறேன். பிரின்டர் லேப்டாப்பின் கண்ணில் படவே இல்லை. பிரின்டரைத் திரும்ப நிறுவினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சலில் ஃபயர்வாலை மொத்தமாக அணைத்தேன். உடனே பிரின்ட் வந்தது. வந்த சந்தோஷத்தில் அதைத் திரும்ப ஆன் செய்ய மறந்து, பல வாரங்கள் அந்த லேப்டாப்பைக் கண்ட கண்ட வைஃபையிலெல்லாம் இணைத்துத் திரிந்தேன். செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு மாற்றம்: வீட்டு வைஃபையைத் தனி நெட்வொர்க் என்று குறித்திருந்தால் முடிந்தது. ஆப்பிளின் மேக் கணினியிலும் லினக்ஸ் வகையான உபுண்டுவிலும் வேறு கதை. அவற்றில் ஃபயர்வால் இருக்கிறது, ஆனால் பொதுவாக அணைந்த நிலையில் வருகிறது. நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

டிவி, கேமரா, பல்பு போன்றவற்றுக்கு இந்த அறைக் கதவும் கிடையாது. அவற்றில் ஃபயர்வாலும் போட முடியாது, ஆன்டிவைரஸும் போட முடியாது. 2016-இல் மிராய் என்ற மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் சுமார் 60 பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் எட்டக்கூடிய கேமராக்களையும் ரவுட்டர்களையும் தட்டிக்கொண்டே போனது. அப்படிச் சேர்த்த கருவிப் படைதான் அந்த ஆண்டு அக்டோபர் 21-இல் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியது. தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. படம் வழக்கம்போல் தெரிந்துகொண்டுதானே இருந்திருக்கும்.

இத்தகைய கருவிகளுக்கு ஆகக்கூடியது ஒதுக்கி வைப்பது. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கும். விருந்தாளிகளுக்கு என்றுதான் பெயர், ஆனால் கேமராவையும் பல்பையும் அதில் தங்கவைப்பது அதைவிட நல்ல பயன். இன்டர்நெட் கிடைக்கும், உங்கள் லேப்டாப்பை எட்ட முடியாது.

இவ்வளவு காவலுக்கும் சிக்காத ஒன்று உண்டு: நாமே கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவது. மெயிலில் வந்த இணைப்பைத் திறக்கிறோம், இலவசமாகக் கிடைக்கிறதே என்று திருட்டு மென்பொருளை இறக்குகிறோம். பேச்சைத் தொடங்கியது நாம், அதனால் ரவுட்டர் வழிவிடுகிறது. உள்ளே வந்த மால்வேர் அடுத்துத் தன் எஜமானுக்கு 443-ஆம் போர்ட் வழியாகத் தகவல் அனுப்புகிறது. அதுவும் உள்ளிருந்து தொடங்கிய பேச்சு, வழக்கமான இணையதளப் போக்குவரத்து மாதிரியே இருக்கும். காவலாளி சல்யூட் அடித்து அனுப்பிவைப்பார். ஆன்டிவைரஸ் வேலை செய்வது இந்த இடத்தில்தான். அது முகவரியையும் போர்ட்டையும் பார்ப்பதில்லை, வந்த பொருளைப் பிரித்துப் பார்க்கிறது: தெரிந்த மால்வேரின் அடையாளம் இருக்கிறதா, திடீரென்று நூறு ஃபைல்களைப் பூட்டுவது மாதிரி நடத்தை ஏதும் காட்டுகிறதா.

அது விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஐகார் சோதனைக் கோப்பு என்று 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரி. அதில் எந்தத் தீங்கும் இல்லை. பார்த்தால் வைரஸைப் பார்த்த மாதிரி கத்த வேண்டும் என்று ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்கள் பேசிவைத்துக்கொண்ட வரி அது. நோட்பேடில் ஒட்டிச் சேமித்தால் ஃபைல் மறைந்து எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் யோசிக்க வேண்டியதுதான்.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா? 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது, ஒழுங்காக அப்டேட் ஆகிறது. ஒரு சாதாரண வீட்டுக்கு அது போதும் என்பதே என் எண்ணம். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பது மட்டும் வேண்டாம்; ஒரே ஃபைலைத் திறக்க இரண்டும் மோதிக்கொண்டு கணினியை முடக்கும். சில தொகுப்புகள் குறியாக்கப்பட்ட இணைப்புகளையும் இடையில் பிரித்துப் பார்க்கும். 2017-இல் வந்த ஒரு ஆய்வு அப்படிப் பிரித்துப் பார்த்த பல மென்பொருள்கள் அந்த இணைப்பின் பாதுகாப்பைக் குறைத்துவிட்டதைக் காட்டியது. "இந்த ஆப் வெளியே பேசலாமா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் ஃபயர்வால்களும் உண்டு. முதல் நாள் படித்துப் பார்ப்போம். மூன்றாம் நாள் எது வந்தாலும் சரி என்று அழுத்துவோம்.

கடைசியாக, காவலாளியையே யாராவது வாங்கிவிட்டால்? ரவுட்டரும் ஒரு கணினிதான், அதிலும் ஓட்டைகள் உண்டு. 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் என்ற மால்வேர் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பிடித்திருந்தது. ரவுட்டரை எல்லோரும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுவாகவே கேட்டுக்கொண்டது. அதற்கு முன்பே டிஎன்எஸ்சேஞ்சர் என்ற மால்வேர் கணினிகளிலும் சில ரவுட்டர்களிலும் டிஎன்எஸ் முகவரியை மட்டும் மாற்றிவைத்தது. இப்படி மாற்றிவிட்டால் வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் எங்கே போய் நிற்பது என்பதை வேறொருவர் முடிவு செய்வார். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைப்பது, வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறான நிர்வாகப் பாஸ்வேர்டு வைப்பது, ஃபர்ம்வேரை (ரவுட்டரை இயக்கும் அதன் உள் மென்பொருளை) அப்டேட் செய்வது, இந்த மூன்றும் எந்தச் சந்தாவையும்விட மேல். ஃபர்ம்வேரின் கடைசித் தேதியைப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒன்றும் வரவில்லை, தயாரிப்பாளரும் அந்த மாடலைக் கைவிட்டுவிட்டார் என்றால் ரவுட்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இவ்வளவும் செய்தபின் சோதித்துப் பார்க்க ஆசை வரும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே உங்கள் பொது முகவரியைத் தட்டிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ரவுட்டருக்கு நீங்கள் உள்ளே இருப்பவர், வெளியாளுக்குக் கிடைக்கும் பதில் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவிலிருந்து தட்டிப் பாருங்கள். அதற்கு முன் ரவுட்டர் பக்கத்தில் காட்டும் வெளி முகவரியையும், இன்டர்நெட் உங்களுக்குச் சொல்லும் முகவரியையும் ஒப்பிட்டுவிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைப்பு தரும் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. அப்போது நீங்கள் தட்டியது அவர்களுடைய கதவை, உங்களுடையதை அல்ல.